ஜூர்கானே: பணிவில் தொடங்கும் பலம்

ஈரானின் பாரம்பரிய உடற்பயிற்சிக் கூடங்களான ஜூர்கானேக்களில், பழையவற்றின் வாசலைத் தாழ்வாகவே கட்டினார்கள். எத்தனை பெரிய பயில்வானாக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே, குவிமாடத்தின் கீழ், சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் 'கோத்' எனப்படும் எண்கோணப் பள்ளம் இருக்கும். அதில் இறங்குபவர் முதலில் தரையைத் தொட்டு வணங்குவார். ஈரானின் இந்த உடற்பயிற்சி மரபைப் பற்றிப் படிக்கப் படிக்க, அதன் கருவிகளைவிட இத்தகைய விதிகளே என் மனத்தில் ஆழமாகப் பதிந்தன.

உயர்ந்த மேடையில் அமர்ந்து பயிற்சியை வழிநடத்தும் முர்ஷித் பறையைத் தட்டி, மணியை ஒலித்து, ஃபிர்தௌசியின் பாரசீகக் காவியமான ஷாநாமாவிலிருந்தும் ஹாஃபிஸ், சாதி ஆகியோரின் கவிதைகளிலிருந்தும் பாடுவார். பலகையில் கையூன்றித் தண்டால் எடுப்பதும், கர்லாக்கட்டை சுழற்றுவதும், சங்கிலிகள் குலுங்க இரும்பு வில்லைத் தலைக்கு மேல் அசைப்பதும், ஒருவர் பின் ஒருவராக நடுவில் வந்து சுழல்வதும் அந்தத் தாளத்துக்குக் கட்டுப்பட்டே நடக்கும். சுழல வருபவர் முர்ஷிதிடமும் மூத்தவர்களிடமும் அனுமதி கேட்ட பிறகே தொடங்குவார். ஷியா முஸ்லிம்களின் முதல் இமாமான அலியின் பெயர் அடிக்கடி ஒலிக்கும். வீரமும் இரக்கமும் ஒருவரிடமே கூடியதற்கு அவரையே முன்மாதிரியாகக் கொள்கிறார்கள்.

இந்த மரபு போற்றும் இன்னொருவர் மற்போர் வீரர் பூரியா வலீ. தம்மோடு மோதவிருந்த இளைஞனின் தாய் மகனின் வெற்றிக்காக அழுது வேண்டியதைக் கேட்டு, அவர் வேண்டுமென்றே தோற்றார் என்பது அவரைப் பற்றிய கதை. மற்போர் வீரர்கள் தங்கள் ஆதர்சமாக ஒரு தோல்வியைத் தேர்ந்துகொண்டது எனக்குப் பெரும் வியப்பளிக்கிறது. யுனெஸ்கோ 2010இல் இச்சடங்குகளை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எனினும் இவ்வளவு அறம் பேசும் கூடத்துக்குள் பெண்களுக்கு வழக்கமாக இடமில்லாமல் போனது எனக்கு வருத்தமே.

வறியவர்களுக்காக ஜூர்கானேயில் கூடி நிதி திரட்டும் வழக்கத்துக்கு 'கோல்ரீஸான்' என்று பெயர். கொடுப்பதும் பயிற்சியின் ஒரு பகுதி என்பதை விளங்கிக்கொள்ள குலாம்ரெசா தக்தியின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். அவர் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் மற்போரில் தங்கம் வென்றவர். 1962இல் பூயின் ஸஹ்ரா பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அவர் தெஹ்ரான் தெருக்களில் இறங்கி நடந்து, மக்களிடம் நேரில் கேட்டு நிவாரணம் திரட்டினார். ஈரானியர்கள் அவரை இன்றும் 'ஜஹான் பஹ்லவான்' (உலகப் பயில்வான்) என்று அழைப்பதற்கு, அந்தப் பதக்கத்துக்கு இணையாக இந்த நடையும் காரணம் என்றே நான் நினைக்கிறேன்.