தாழ்த்திய பிக்கப் ஏன் இவ்வளவு ஆடுகிறது?

வண்டியைத் தாழ்த்தினால் ஆட்டம் குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பாதி உண்மை. எடை தரைக்குப் பக்கத்தில் வந்தால் சாய்வு குறையத்தான் வேண்டும், ஆனால் யாரோ தாழ்த்தி வைத்த பழைய பிக்கப்பை வாங்கி ஓட்டிப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கும். நிற்கும்போது ரேஸுக்குப் போகிற தோரணை, வளைவில் திரும்பினால் பாதி நிரம்பிய தண்ணீர் லாரி.

என்னிடம் இருப்பது 1996 செவி (செவர்லே) சி1500 பிக்கப், இரண்டு வீல் டிரைவ், அதாவது எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றுகிற வகை. ஹூஸ்டனில் இந்த வண்டிக்கு இன்னும் மவுசு உண்டு, அதுவும் இறக்கிய வண்டி என்றால் பெட்ரோல் பங்கில் யாராவது ஒருவர் வந்து பேசாமல் போக மாட்டார். முந்தைய ஓனர் 4/6 இறக்கம் போட்டிருந்தார், அதாவது முன்பக்கம் 4 அங்குலம், பின்பக்கம் 6. பெல்ட்வே 8 சுற்றுச்சாலையிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலைக்குப் போகிற மேம்பால வளைவில் காங்கிரீட் இணைப்பு வரும் இடத்தில் பின்பக்கம் சட்டென்று பக்கவாட்டில் ஒதுங்கும், அப்புறம் மொத்த வண்டியும் ஒருமுறை அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வரும். "இதுல என்னை ஏறச் சொல்லாதீங்க" என்று வீட்டம்மா முடித்துவிட்டார்.

கேட்ட எல்லோரும் சொன்ன மருந்து ஒன்றுதான்: பின்பக்கம் தடியாக ஒரு ஸ்வே பார் வாங்கிப் போடு. இடது வலது சக்கரங்களை இணைத்து, முறுக்கிக்கொண்டு சாய்வைத் தடுக்கிற இரும்புக் கம்பிதான் அது. எனக்கு இந்த யோசனை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஆட்டம் என்று நாம் பொதுவாகச் சொல்வது குறைந்தது நான்கு தனித்தனி நோய். வளைவில் ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்றால் அது விறைப்புப் போதாத குறை, ஸ்வே பார், ஸ்பிரிங் பக்கம் பார்க்க வேண்டும். சாய்ந்து, திரும்பி, மறுபடியும் சாய்ந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. திருப்பின பிறகு ஒரு கணம் கழித்து பின்பக்கம் மட்டும் தனியாக நகர்ந்தால் புஷ் (மூட்டுகளில் இருக்கிற ரப்பர்), ஷாக்கிள் (லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கிற ஆடும் இணைப்பு), யூ போல்ட் (ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டுகிற போல்ட்) என்று எங்கேயோ ப்ளே, அதாவது தளர்வு, இருக்கிறது. நேர் ரோட்டில், பக்கத்தில் பெரிய டிரக் கடக்கும்போது வண்டி அலைந்தால் அது பெரும்பாலும் ஸ்டியரிங்கும் அலைன்மென்ட்டும். என் வண்டிக்கு முதல் மூன்றும் இருந்தன. இதில் ஒரே ஒரு பாரைப் போட்டு எதைச் சரி செய்வது?

தாழ்த்துகிற விதத்திலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. வண்டி வளைவில் சாயும்போது ஒரு புள்ளியைச் சுற்றித்தான் சாய்கிறது, அதை ரோல் சென்டர் என்பார்கள். எடை மையத்துக்கும் அதற்கும் இருக்கிற தூரம்தான் வண்டியைச் சாய்க்கிற நெம்புகோல், தூரம் கூடினால் சாய்வும் கூடும். இந்த செவியின் முன்பக்கம் சக்கரத்தைச் சேசிஸோடு இணைத்து மேலும் கீழும் அசைய விடுகிற கண்ட்ரோல் ஆர்ம் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் காயில் ஸ்பிரிங். குட்டை ஸ்பிரிங் போட்டோ, இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டியோ இறக்கினால் ஆர்ம்களின் கோணம் மாறிவிடும். பாடி 2 அங்குலம் இறங்கினால் ரோல் சென்டர் பெரும்பாலும் அதைவிட அதிகமாக இறங்கிவிடும். அதாவது வண்டி தாழ்ந்தும் நெம்புகோல் நீண்டிருக்கிறது. டிராப் ஸ்பிண்டில் (சக்கரம் மாட்டுகிற துண்டில் அச்சு உயரமாக அமைந்த வகை) போட்டு இறக்கினால் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அது சக்கரத்தின் அச்சை மட்டும் மேலே ஏற்றுகிறது, ஆர்ம்கள் கம்பெனி வைத்த கோணத்திலேயே இருக்கும். என் வண்டியில் பாதி ஸ்பிண்டில், பாதி ஸ்பிரிங். சுமார் ரகம். ஸ்பிரிங்கை வட்டரம்பத்தால் வெட்டுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

பின்பக்கம் வேறு கதை. கம்பெனியிலிருந்து வரும்போது லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்) ஆக்சிலுக்கு, அதாவது பின்சக்கரங்களை இணைக்கிற அச்சுக்கு, மேலே உட்கார்ந்திருக்கும். இந்த இடத்தை மாற்றுகிற ஃபிளிப் கிட் போட்டால் ஆக்சில் ஸ்பிரிங்குக்கு மேலே போய்விடும், ஒரே அடியில் 6 அங்குலம் இறங்கும், ஆக்சில் சேசிஸில் இடிக்காமல் இருக்க அங்கே வளைவாக வெட்டி ஒரு தடித்த தகடு வைத்து போல்ட் போடுவார்கள். என் வண்டியில் அந்த வெட்டு ஒழுங்காகத்தான் இருந்தது. ஷாக் அப்சார்பர்தான் பழையதே.

இதைக் கண்டுபிடிக்க டேப் ஒன்று போதும். வண்டி நான்கு சக்கரத்திலும் சமதரையில் நிற்கும்போது ஷாக்கின் மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஷாக்கை முழுக்க அமுக்கி மறுபடியும் அளங்கள், உள்ளே வாயு நிரப்பிய கேஸ் ஷாக் என்றால் கொஞ்சம் பலம் வேண்டும். இரண்டு அளவுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் மேடு வந்தால் சக்கரம் மேலே போக மிச்சமிருக்கிற இடம். எனக்குக் கிடைத்தது ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்கெனவே சாய்ந்திருக்கும் வண்டியில் வெளிப்பக்கச் சக்கரம் அந்த இணைப்பில் ஏறும்போது ஷாக் அடிமுட்டிவிடும், அந்தப் பக்கம் ஸ்பிரிங்கே இல்லாத வண்டி ஆகிவிடும், டயர் ஒரு கணம் பிடியை விடும். பின்பக்கம் ஒதுங்கினதன் காரணம் இதுதான். தடியான ஸ்வே பார் போட்டிருந்தாலும் இது தீர்ந்திருக்காது. இறக்கிய வண்டிக்கென்றே குட்டையாக வருகிற ஷாக் வாங்கிப் போட்டேன். ஆக்சில் சேசிஸில் மோதாமல் தாங்குகிற ரப்பர் பம்ப் ஸ்டாப்பையும் பாருங்கள்: ஆக்சில் குழாயில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டு சாதாரணமாக ஒரு சுற்று ஓட்டி வந்தால், ரப்பரில் கிரீஸ் ஒட்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

முன்பக்கத்தில் கீழே படுத்துப் பார்த்தபோது அங்கே கம்பெனி வைத்த ஸ்வே பாரின் முனையை ஆர்மோடு இணைக்கிற இடதுபக்க எண்ட் லிங்க் முழுசாக இல்லை. அதாவது நீள போல்ட், அதன் மேல் ஒரு குழாய், நான்கு ரப்பர், வாஷர்கள், இவ்வளவுதான் அந்த லிங்க். போல்ட் துருப்பிடித்து நடுவில் முறிந்து மேல்பாதி மட்டும் ஆர்மில் தொங்கிக்கொண்டிருந்தது, கீழ்பாதி டெக்சாஸ் நெடுஞ்சாலை ஏதோ ஒன்றில் கிடக்கும். ஸ்வே பார் இரண்டு முனையும் பிடித்திருந்தால்தான் முறுக்கும். ஒரு முனை விட்டுவிட்டால் அது வெறும் இரும்புச் சுமை. வண்டியின் மொத்தச் சாய்வில் பெரும்பங்கு இந்த முறிந்த போல்ட். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து புது லிங்க் வாங்க ஆன செலவு, வீட்டில் எல்லோரும் ஒருமுறை வெளியே சாப்பிடுகிற காசுகூட இல்லை.

இனி ஷாக்கிள். பின்தொட்டியின் விளிம்பைப் பிடித்து ஒருவர் பக்கவாட்டில் ஆட்டட்டும், நீங்கள் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். பாடி நகர்ந்து லீஃப் நகராமல் நின்றால் புஷ் போய்விட்டது. எனக்கு இரண்டு பக்கமும் நன்றாகவே தெரிந்தது. இங்கே தாழ்த்திய வண்டிக்கே உரிய ஒரு விஷயம்: உலோகக் குழாயோடு ஒட்டி வார்த்த ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினாலும், தாழ்த்தின பிறகு பழைய இறுக்கத்தை அப்படியே விட்டாலும், ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அதனால் புஷ் மாற்றும்போது போல்ட்டை லேசாக மட்டும் பிடித்துவிட்டு, வண்டியை இறக்கி, அதன் முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போது கடைசி இறுக்கு. முன் ஆர்ம்களுக்கும் இதே விதிதான். பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் கிரீஸ் வற்றினால் மாட்டுவண்டி சத்தம் போடும்.

யூ போல்ட்டை இறுக்கி, நட்டிலிருந்து தகடு வரை குறுக்கே வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தேன். கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு கோடு உடைந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். லீஃபின் சென்டர் போல்ட் தலை, கிட்டில் அதற்கென்று இருக்கிற துளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். உட்காரவில்லை என்றால் ஆக்சில் கோணலாக நகரலாம், வண்டி நண்டு மாதிரி போகும். எல்லாம் முடிந்த பிறகுதான் வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் டோ (சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கிற கோணம்), கேம்பர் (சக்கரம் சாய்ந்திருக்கிற கோணம்) இரண்டும் மாறும், முதலில் அலைன்மென்ட் செய்துவிட்டு அப்புறம் புஷ் மாற்றினால் அந்தப் பணம் வீண். ஸ்டியரிங் இணைப்புக் கம்பியின் ஒரு பக்கத்தைத் தாங்குகிற ஐட்லர் ஆர்மில் ப்ளே இருக்கிறதா என்று போவதற்கு முன்பே ஒருவரை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

இப்போது அந்த வளைவில் வண்டி சாய்கிறது, நிற்கிறது, போகிறது. பின்பக்க ஸ்வே பார் இன்னும் வாங்கவில்லை, வாங்குகிற எண்ணமும் இல்லை. பாரின் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 1 அங்குலத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குப் போனாலே ஏறக்குறைய 2.4 மடங்கு. காலித் தொட்டியோடு பின்பக்கம் எடையே இல்லாத பிக்கப்பில் அவ்வளவு விறைப்பைப் பின்னால் கொண்டுபோய் வைத்தால், ஹூஸ்டன் மழையில் வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வால் சுழலப் பார்க்கும். எப்போதும் தொட்டியில் பாரம் ஏற்றி ஓட்டுகிறவர்களுக்குக் கணக்கு வேறு, அவர்கள் தாராளமாகப் போடலாம், மேலே சொன்ன புஷ்ஷையும் போல்ட்டையும் பார்த்த பிறகு.