இரும்புத் தரையில் பாண்டி

துருப்பிடித்த இரும்புத் தகட்டின் மேல் என் மகள் இன்று பாண்டி ஆடினாள்.

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில், மைடரிக் இரும்பாலை. 1985-இல் மூடினார்கள். இப்போது பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது, இரவிலும் போகலாம்.

அவள் ஆடிய சதுக்கத்தில் அப்படி 49 தகடுகள். ஒரு காலத்தில் வார்ப்புக் குழியில் கிடந்தவை. உருகிய இரும்பு பட்டுப் பட்டு மேலெல்லாம் தழும்பு. குனிந்து தடவினேன். வறண்ட குளத்தின் தரை மாதிரி அரித்தும் குழிந்தும் இருந்தது. விரலில் செம்பொடி ஒட்டியது. துடைக்க மனம் வரவில்லை.

பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளர் பெரிய உலைகளை அப்படியே நிற்க வைத்துத்தான் இந்தப் பூங்காவை வரைந்தார். பழைய எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள். தாதுக் கிடங்கின் சுவர்களில் கயிறு கட்டி ஏறுகிறார்கள். கசடு கொட்டிய மண்ணில் பிர்ச் மரங்கள் தானாகவே முளைத்து நிற்கின்றன.

வேலை போனவர்களுக்கு இது ஈடாகுமா? ஆகாது.

ஆனால் அங்கே வெந்து உழைத்த ஒருவர் பேரனைக் கூட்டிவந்து, "இந்த இடத்தில்தான் நான் நின்றேன்" என்று கைநீட்டிக் காட்டலாம். எல்லாவற்றையும் இடித்துப் புல் விதைத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

அப்புறம் ஐந்தாம் உலையின் உச்சிக்கு ஏறினோம். பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது கேட்டாள்:

"அப்பா, இதுக்குள்ள நெருப்பு இருந்ததா?"

"இருந்ததும்மா."

குளிர்ந்த சுவரில் உள்ளங்கையை வைத்தவள், கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.