ஆடி மாசத்து மண்டபமும் 13 பந்தும்

ஆடி 4, ஞாயிறு

ஆடியில் முகூர்த்தம் இல்லை. பெருந்துறைப் பக்கம் மண்டபங்கள் சும்மா பூட்டிக் கிடக்கும் காலம். கரண்ட் பில்லும் கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்குக் கூலியும் கொடுத்தால் சாவியைத் தருகிறவர்கள் உண்டு. மாற்றுத்திறன் பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று இருக்கும் நினைவு அறக்கட்டளைக் காசை அரங்க வாடகையில் கரைப்பதற்கு முன்னால் கேட்டுப் பார்க்க வேண்டும்.

விளையாட்டு போச்சா. பேரைச் சொன்னதும் "என்னங்க போச்சு?" என்று கேட்காத ஆள் இல்லை. முதலில் எறிந்த வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் சிவப்பா நீலமா, யார் பந்து நிற்கிறது என்பதுதான் ஆட்டம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள், கையில் பிடி இல்லாதவர்கள்கூட ஆடலாம். 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது.

களம் 12.5 மீட்டருக்கு 6 மீட்டர். பந்தி போடும் கூடத்தில் மட்டும் வேண்டாம். கழுவி விடுவதற்காக அதன் தரை சாக்கடைப் பக்கம் வாட்டமாக இருக்கும். மணமேடைக் கூடமே சரி. அங்கேயும் நாலு இடத்தில் கோலிக்குண்டை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. தானாக நகர்ந்தால் களத்தின் திசையை மாற்றலாம். அதற்கும் நகர்ந்தால் வேறு மண்டபம்தான்.

நூல் அடித்த பிறகு மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு பக்கமும் 13 மீட்டர் 86 செ.மீ. வர வேண்டும். வராவிட்டால் கோணல். எறிபவர் பெட்டி, அதாவது உட்கார்ந்து எறியும் கட்டம், 6. ஒவ்வொன்றும் 1 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் நீளம். எறியும் கோட்டிலிருந்து நடுவில் 1.5 மீட்டர், ஓரங்களில் 3 மீட்டர் தள்ளி 'வி' கோடு. வெள்ளைப் பந்து அதைத் தாண்டினால்தான் கணக்கு. மொத்தம் 62 மீட்டருக்கு மேல் டேப் ஆகிறது. ஒரு சுருள் வாங்கிப் பாதியில் நிற்பது எல்லாருக்கும் முதல் தடவை நடப்பதுதான்.

ஆடி 11, ஞாயிறு

பந்து. சிவப்பு 6, நீலம் 6, வெள்ளை 1. எடை 275 கிராம், 12 கிராம் கூடலாம் குறையலாம். சுற்றளவு 27 செ.மீ. வெளிநாட்டு செட்டின் விலையைப் பார்த்துத் திரும்பி வந்தவர்களுக்கு, பழகுவதற்கு சோபா கடையில் கழிக்கிற ரெக்ஸின் துண்டு போதும்.

உள்ளே என்ன நிரப்புவது என்பதில்தான் தப்பு நடக்கிறது. திருப்பூர் பனியன் வேஸ்ட் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் அமுங்கி முட்டை வடிவாகிவிடும், எடையும் வராது. மணல் ஈரம் குடித்துக் கட்டி தட்டும். ராகி போட்டால் எலிக்கு விருந்து. பிளாஸ்டிக் குருணை சரி. குருணை போட்டு மளிகைக் கடைத் தராசில் நிறுத்தபின் வாயைத் தைக்க வேண்டும். தைத்த பிறகு நிறுத்தால் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும். கெட்டியாக அடைக்கவும் கூடாது. கெட்டிப்பந்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடும்.

எறியவே முடியாத பிள்ளைகளுக்குப் பந்தை உருட்டிவிட ஒரு சாய்வுத் தடம். 4 அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் பந்து உட்காரும். பிளந்ததும் குழாய் உள்பக்கம் சுருங்கும்; ஒவ்வோர் அடி நீளத்துக்கும் ஒரு ப்ளைவுட் கவை கொடுத்துத் திருகு வெளியிலிருந்து போட வேண்டும். உள்ளே ஒரு திருகுத் தலை துருத்தினாலும் பந்து விலகும். படுக்க வைத்தால் தடம் முழுக்க எறிபவர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், அது விதி. வெயிலில் சாத்தி வைத்தால் வளைந்துவிடும்.

பிள்ளை சொல்கிற பக்கம் தடத்தை நகர்த்தி வைக்கும் உதவியாளர் களத்துக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். பெரும்பாலும் அம்மாதான். திரும்பிப் பார்க்காமல் இருக்க அவருக்குத்தான் பயிற்சி அதிகம் வேண்டியிருக்கிறது. "கண்ணு, இன்னுங் கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம்" என்று அவர் சொல்லவும் கூடாது. சொல்ல வேண்டியது பிள்ளை.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆட்டம் இல்லை.

பார்வையற்றோர் கிரிக்கெட்டையும் சேர்க்கலாமா என்று யோசனை. பிளாஸ்டிக் பந்துக்குள் குண்டுகள் சலசலப்பதைக் கேட்டுத்தான் மட்டை வீச வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது திறந்த மைதானத்தில் அந்தச் சத்தம் காதில் விழாது. பக்கத்தில் விசைத்தறி ஓடினால் கேட்கவே வேண்டாம். ஐப்பசிக்கு மேல் பார்க்கலாம்.

ஆடி 25, ஞாயிறு

நினைவு நாள் செலவுப் பட்டியல் வந்தது: ஃப்ளெக்ஸ், சால்வை, கேடயம். வேன் டீசலுக்கு ஒரு வரி இல்லை. நன்கொடை தருகிறவர்கள் "ஏனுங்க, நம்ம சேலத்து மாரியப்பனாட்டம் ஒரு பையனை உருவாக்கோணும்" என்கிறார்கள். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோ 2016இல் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸ் 2024இல் வெண்கலம், ஆசை நியாயந்தான். ஆனால் வாராவாரம் வேன் வராவிட்டால் பிள்ளை வாசலைத் தாண்டாது. ஒரு கேடயத்தைக் குறைத்தாலும் டீசலுக்கு ஆகும். சக்கர நாற்காலிகள் குட்டியானையில், பிள்ளைகள் வேனில். இரண்டையும் ஒன்றாக ஏற்றக் கூடாது.

80ஜி, அதாவது நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை, கேட்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரி விலக்கு கிடையாது.

ஆவணி பிறந்தால் மண்டபம் கைக்கு வராது. டேப்பை வெடுக்கென்று இழுக்காமல் மடக்கி மெதுவாக உரிக்க வேண்டும். ஒட்டிய பசைக்கு மண்ணெண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர். அடுத்த இடமாகப் பேசியிருக்கும் பள்ளிக்கூட அரங்கில் 3 படி, ஒவ்வொன்றும் 6 அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்றால் சாய்தளம் 18 அடி வேண்டும். அங்கே கிடப்பது 6 அடிப் பலகை. அதில் ஏற்றினால் நாற்காலி பின்னால் மல்லாந்துவிடும். கழிப்பறைக் கதவையும் இன்னும் அளக்கவில்லை.