சில்லாலைக்கு நடந்த வெள்ளிக்கிழமை

தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை, விடியப்புறம் நாலரை மணிக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து நடக்கத் தொடங்கினேன். சண்டிலிப்பாய், பண்டத்தரிப்பு, அதைத் தாண்டிச் சில்லாலை. நடந்தே வருவதாக நேர்ந்திருந்தேன். நேர்த்தி எதற்கென்று மனைவி கேட்டபோது, மகளின் சோதனைக்காக என்றேன். அது பாதி உண்மை.

மீதிப் பாதி எங்கள் பங்குக் கிணறு. அண்ணையின் தோட்டத்துக்கும் என் தோட்டத்துக்கும் ஒரே கிணறுதான் தண்ணீர் தருகிறது. அப்பா இருந்தவரை முறை தவறாமல் இறைத்தோம். அவர் கண்மூடிய அடுத்த ஆண்டு, வெங்காயம் பருவத்துக்கு வந்த நேரத்தில், யாருடைய முறைநாள் என்று ஒரு வாய்த்தர்க்கம் வந்தது. அன்று மோட்டர் அறையைப் பூட்டித் திறப்பை நான் எடுத்துக்கொண்டேன். மோட்டர் இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. அதன்பிறகு அண்ணை வாடகைக்கு இயந்திரம் பிடித்து இறைக்கிறார். ஆறு ஆண்டுகளாகப் பேச்சில்லை. ஒரே ஆலயத்தில் ஒரே திருப்பலிக்குத்தான் இருவரும் போகிறோம். சமாதானம் பகிரச் சொல்லும் வேளையில் அவர் இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து மற்ற எல்லாப் பக்கமும் கைகூப்புவேன்.

சண்டிலிப்பாயில் கல்வளைப் பிள்ளையார் கோவில் மணி கேட்டபோது கிழக்கு வெளுத்திருந்தது. இன்னும் கொஞ்சத் தூரம் போனபின், வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி என் கையிலிருந்த செபமாலையைப் பார்த்துவிட்டு, "சில்லாலைக்கா தம்பி?" என்றார். கிணற்றடிக்கு அழைத்துப் போய்த் தாமே அள்ளி என் காலில் ஊற்றினார். நெற்றியில் திருநீறு துலங்கிய அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. யாரென்றே தெரியாத ஒருவனுக்கு அவர் தண்ணீர் தருகிறார். கூடப் பிறந்தவருக்கு நான் தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

சில்லாலையை நான் தேர்ந்ததற்குக் காரணம் புனித யோசவாஸ் அடிகளார். 1651இல் கோவாவில் பிறந்தவர். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் இங்கே கத்தோலிக்கக் குருக்கள் இருக்க முடியாது. ஒரு குருவை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை. அப்படிப்பட்ட நாட்டுக்கு 1687இல், முப்பத்தாறு வயதில், குருவின் அங்கியைக் கழற்றிவிட்டுப் பிச்சைக்காரராக வந்து இறங்கினார். வந்த வேகத்தில் வயிற்றுக்கடுப்பு அவரைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனது. உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டுக் கண் கலங்குகிறதோ, அங்கே மறைந்து வாழும் கத்தோலிக்கர் இருக்கிறார் என்று அறிந்துகொள்வதற்காக. பிறகு சில்லாலை மக்கள் அவரைத் தங்கள் நடுவில் வைத்துக் காத்தார்கள். இரவில்தான் திருப்பலி.

சிறுவயதிலிருந்தே கேட்ட கதைதான். அன்று நடக்கும்போது அதில் வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கி இல்லை, பட்டம் இல்லை, பீடம் இல்லை. ஒரு குருவை வெளியே அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் அவர் கழற்றியாயிற்று. அதற்குப் பிறகும் அவரிடம் குருத்துவம் குறையவில்லை. 1692இல் கண்டியில் ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறை வைத்தார்கள். 1697இல் அதே கண்டியில் அம்மை பரவியபோது, சொந்தக்காரரே விட்டு ஓடிய நோயாளிகளை அவர் கழுவித் துடைத்து உணவூட்டினார். என்னிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையையும், பங்குச் சபைப் பொறுப்பையும், வாய்ப்பாடமான செபங்களையும் கழற்றினால் மிஞ்சுவது யார்? பண்டத்தரிப்புச் சந்தி வரை அந்தக் கேள்வி என்னோடு நடந்தது.

கலாத்தியருக்கு எழுதும்போது தூய ஆவியின் கனி என்று பவுல் ஒருமையில்தான் சொல்கிறார். அன்பு, மகிழ்ச்சி, அமைதி என்று ஒன்பது பண்புகள் வருகின்றன, கனி ஒன்று. அன்பை வைத்துக்கொண்டு பொறுமையை விட்டுவிட முடியாது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். பனை காய்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்பது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் நாற்பது ஆண்டுகளாகத் திவ்விய நற்கருணை வாங்கும் ஒருவன், தன்னில் ஏன் இன்னும் காய்ப்பில்லை என்று கேட்டுப் பார்க்க வேண்டாமா? என்னை நானே நல்ல கிறிஸ்தவன் என்று நம்பியிருந்த அந்த நிம்மதிதான் என் பெரிய பாவம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆலய முற்றத்து மணலில் கால் வைத்தபோது நன்றாக விடிந்திருந்தது. சிலுவைப்பாதை முடிந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டேன். எப்போதும்போலக் கோபம், பொய், செபத்தில் பராக்கு என்று தொடங்கினேன். பிறகு கிணற்றுக் கதை தானாக வந்துவிட்டது. முறைநாள் பற்றிய நியாயங்களை எல்லாம் விளக்கினேன். உள்ளேயிருந்த அருட்தந்தை வெகுநேரம் பேசவில்லை.

"அந்தத் திறப்பு இப்போது எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

அது என் மடியில் இருந்தது, வீட்டுத் திறப்புகளோடு ஒரே கயிற்றில். ஆறு ஆண்டுகளாக நான் போகும் இடமெல்லாம் வந்திருக்கிறது. திருப்பலிக்கும் வந்திருக்கிறது. சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன் விட்டுவிட்டுப் போய் முதலில் உறவாடு என்று ஆண்டவர் சொல்வதை எத்தனை தடவை நான் திருப்பலியில் நின்று கேட்டிருக்கிறேன்!

திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன். நேர்த்தி போவதற்குத்தான், வருவதற்கு இனித் தாமதிக்க முடியாது.

அண்ணையின் படலையடியில் நின்று கூப்பிட எனக்குக் குரல் வரவில்லை. இரண்டாம் முறைதான் "அண்ணை" என்ற சொல் வெளியே வந்தது. திண்ணையில் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். நரை அவ்வளவு ஏறியிருந்ததை அன்றுதான் கவனித்தேன். கயிற்றிலிருந்து கழற்றிய திறப்பை நீட்டி, பிழை என்னுடையது என்றேன். அவர் கை நீட்டவில்லை.

"திண்ணையில் வை" என்றார்.

வைத்தேன். அவர் மறுபடி வெங்காயத்தை எடுத்தார். நான் போகவில்லை, பக்கத்தில் குந்தி இருந்து ஒரு பிடியை எடுத்துக் கட்டத் தொடங்கினேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.