1/24 ஸ்டாக் காரில் ஹான்ஸ்: தோள் பெல்ட் கடைசியில் படிந்துவிட்டது

நான் 1/24 அளவில், அதாவது நிஜத்தில் இருபத்துநான்கில் ஒரு பங்காக, செய்யும் பந்தயக் கார் மாடலில், மோதும்போது ஓட்டுநரின் தலை முன்னால் பாயாமல் தடுக்கும் ஹான்ஸ் கழுத்துப்பட்டியின் மேல் தோள் பெல்ட்கள் இரண்டும் இன்று காலை ஒழுங்காகப் படிந்து உட்கார்ந்துவிட்டன. தலைக்கவசத்துக்குப் போகும் இரண்டு வார்களும் நான் நினைத்த தளர்வில் நிற்கின்றன. எல்லாம் சேர்த்தாலும் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் இந்த டயோராமாவை (சின்ன அளவிலான காட்சியமைப்பை) ஆரம்பித்ததே இந்தச் சின்னப் பகுதிக்காகத்தான், அதனால் இன்று எனக்குப் பெரிய நாள்.

முந்தைய பதிவுகளைப் பார்க்காதவர்களுக்கு: இரண்டு ஸ்டாக் கார் (சாலைக் கார் உருவத்தில் இருக்கும் பந்தயக் கார்) காக்பிட்களை, அதாவது ஓட்டுநர் உட்காரும் பகுதிகளை, அருகருகே வைக்கப்போகிறேன். இடப்பக்கம் 2001 பிப்ரவரி வரை அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயமான நாஸ்காரில் வழக்கமாக இருந்த உட்புறம். வலப்பக்கம் சில வருடங்கள் கழித்து வந்தது. பின்னால் ஒரே சுவர். பாதி வெறும் கான்கிரீட், மீதிப் பாதியில் மோதலின் வேகத்தை உறிஞ்சும் சேஃபர் தடுப்பு. நொறுங்கிய கார் எதுவும் இதில் வராது. 2001-இல் பந்தயத்தில் இறந்த நாஸ்கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட்டின் கறுப்பு நிற 3-ஆம் எண் காரை மோதிய நிலையில் செய்து தரச் சொல்லி ஒருவர் கேட்டார், மறுத்துவிட்டேன். ஒருவர் இறந்த நொடியை அலமாரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நொடிக்குப் பிறகு என்ன மாறியது என்பதைச் செய்யத்தான் ஆசை.

2001 பிப்ரவரி 18, நாஸ்காரின் பெரிய பந்தயமான டேடோனா 500-இன் கடைசிச் சுற்று, நான்காவது வளைவு. எர்ன்ஹார்ட் சுவரில் மோதியபோது, வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது சாதாரண மோதலாகத்தான் தெரிந்தது. அதே பந்தயத்தில் கொஞ்ச நேரத்துக்கு முன் டோனி ஸ்டூவர்ட்டின் கார் மேலெழும்பி உருண்டிருந்தது. பார்க்கப் பயங்கரமாக இருந்த அதிலிருந்து அவர் உயிரோடு வந்தார். உருளும் கார் தன் வேகத்தை நிறைய நேரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. சுவரில் நேராகச் சொருகும் காருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. அந்த வருடம் ஆகஸ்டில் நாஸ்கார் வெளியிட்ட விசாரணை அறிக்கைப்படி, எர்ன்ஹார்ட்டின் கார் ஏறத்தாழ 80 மில்லி விநாடிக்குள் மணிக்கு 42 முதல் 44 மைல் வரையிலான வேக மாற்றத்தைச் சந்தித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் சராசரியே புவியீர்ப்பின் 24, 25 மடங்கு வருகிறது. உச்சம் அதற்கும் மேலே இருந்திருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொள்கிறது. தலையை எதுவும் பிடிப்பதில்லை. தலைக்கவசத்தின் எடையும் சேர்ந்து தலை முன்னால் பாய, கழுத்து இழுபட்டு, மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகிறது. எர்ன்ஹார்ட்டின் இடுப்பு பெல்ட்டின் இடப்பக்கம் அறுந்திருந்ததாகச் சொல்லப்பட்டதால் அதைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் பாரி மையர்ஸ், பிடியில்லாத தலை முன்னால் வீசப்பட்டதே காரணம், பெல்ட் தாங்கியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்ற முடிவுக்கு வந்தார். நாஸ்காரின் நிபுணர்கள் பெல்ட் அறுந்ததற்கும் பங்குண்டு என்றார்கள். நான் மையர்ஸ் பக்கம்தான் சாய்கிறேன். காரணம், அதற்கு முன் நடந்த மரணங்கள். 2000 மே மாதம் நியூ ஹாம்ப்ஷயரில் இறந்த ஆடம் பெட்டிக்கு வயது 19, பழைய நாஸ்கார் நட்சத்திரம் ரிச்சர்ட் பெட்டியின் பேரன். ஜூலையில் அதே தடத்தில் கென்னி இர்வின். அக்டோபரில் டெக்சாஸில் டோனி ரோப்பர். எர்ன்ஹார்ட்டையும் சேர்த்துப் பத்து மாதத்துக்குள் நான்கு பேர், நால்வருக்கும் தலையோ கழுத்தோதான். பெல்ட்டை மட்டும் பார்த்தால் இந்த வரிசை கண்ணில் படாது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

ஹான்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால்தான் அதைச் சின்ன அளவில் செய்ய முடியும். கார்பன் ஃபைபரில் ஒரு பட்டி. கழுத்துக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று, இரண்டு கால்களாகத் தோள் வழியே மார்புக்கு இறங்குகிறது. அதன் மேல் தோள் பெல்ட்கள் அழுத்திப் போகின்றன. பின்பகுதியிலிருந்து இரண்டு வார்கள் தலைக்கவசத்தின் இருபுறமும் மாட்டப்படுகின்றன. மோதும்போது தலை முன்னால் போனால் வார் இழுக்கும். அந்த இழுப்பு பட்டிக்கும், பட்டியிலிருந்து பெல்ட்டுக்கும், தோளுக்கும் போய்விடும். கழுத்துக்கு மிச்சம் கொஞ்சம்தான். அதாவது பெல்ட் பட்டியின் மேல் இறுக உட்கார்ந்தால்தான் மொத்த ஏற்பாட்டுக்கும் அர்த்தம். பல 1/24 மாடல்களில் பெல்ட் பட்டிக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்தாலே எனக்குப் பொறுக்காது.

பட்டிக்கு 0.25 மி.மீ. ஸ்டைரீன் தாள். பென்சில் தடிமனுள்ள மரக் குச்சியில் சுற்றி, நூலால் கட்டி, வெந்நீரில் முக்கி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் வளைவு நின்றுவிடுகிறது. கால்களை வெட்டுவது அதற்கப்புறம்தான். முன்பே வெட்டிய தாள் வெந்நீரில் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். பளபளப்புக் கறுப்புக்கு மேல் ஒரு பூச்சு அரைமங்கல் கிளியர். கார்பன் நெசவு டெகல் (நீரில் நனைத்து ஒட்டும் படத் தாள்) ஒட்டவில்லை. இந்த அளவில் உண்மையான நெசவு கண்ணுக்கே தெரியாது, ஒட்டினால் செஸ் பலகை மாதிரி இருக்கும்.

பெல்ட்தான் பாடாய்ப் படுத்தியது. மூன்று அங்குல பெல்ட் இந்த அளவில் 3.2 மி.மீ. அகலம். டேப் தடிமனாக இருக்கிறது, வளைவில் மெல்ல எழும்புகிறது. ரிப்பன் ஓரம் பிரிகிறது. காகிதம் மடிகிறதே தவிரத் தொய்வதில்லை. உண்மையான பெல்ட்டுக்கு எடை உண்டு, தோளின் மேல் தானாகவே சாயும். அந்தச் சாய்வு வேண்டும் என்றால் உலோகம்தான் வழி. கடைசியில் கைகொடுத்தது மாத்திரை அட்டையின் பின்புறமிருக்கும் அலுமினியத் தாள். அச்செழுத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு, மெல்லிய வேட்டித் துணியின் மேல் வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் நெசவின் தடம் அப்படியே பதிகிறது. அதன் பிறகு புது பிளேடில் வெட்டி, பட்டியின் மேல் வைத்து, ஈரப் பல்குத்தியால் ஓரம் ஓரமாக அமுக்கினேன். பெயின்ட் அதற்குப் பிறகு. முதலில் அடித்தால் வளைவில் விரிசல் விடும். பக்கிள்கள் போட்டோ எட்ச், அதாவது ரசாயனத்தால் அரித்து வெட்டிய மெல்லிய உலோகத் தகடு.

வார்களுக்குப் பழைய மோட்டார் காயிலிலிருந்து எடுத்த தாமிரக் கம்பி. அதைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, கத்திக் கைப்பிடியால் உருட்டித் தட்டையாக்கினேன். இதில் நீளம்தான் எல்லாம். விறைப்பாக இருந்தால் ஓட்டுநரைப் பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்திருப்பது போல ஆகிவிடும். ரொம்பத் தளர்ந்தால் அது எதற்காக இருக்கிறதென்றே தெரியாது. நிஜத்தில் தலையை இடமும் வலமும் திருப்ப இடம் இருக்கும், முன்னால் பாயத்தான் இடம் இராது. அதனால் தலைக்கவசத்தை இடப்பக்கம், வளைவின் உள்பக்கத்தைப் பார்க்கிற மாதிரி, லேசாகத் திருப்பி ஒட்டினேன். ஒரு வார் நீண்டும் மறுவார் கொஞ்சம் தொய்ந்தும் வந்தவுடன் பொம்மைக்கு உயிர் வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ரொம்பப் பெருமை.

இதைக் கண்டுபிடித்த கதையும் எனக்குப் பிடித்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிர்விசையியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ஹப்பர்ட், அவருடைய மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டௌனிங். 1981-இல் மிட்-ஓஹையோவில் இவர்களுக்குத் தெரிந்த பாட்ரிக் ஜாக்மார் இறந்ததுதான் தூண்டுதல். 80களிலேயே முதல் வடிவம் தயார். ஆனால் வாங்க ஆளில்லை. இடைஞ்சலாக இருக்கும், தீப்பிடித்தால் சட்டென்று வெளியே வர விடாது என்றெல்லாம் ஓட்டுநர்கள் தயங்கினார்கள். எர்ன்ஹார்ட்டுக்குப் பிறகும் உடனே கட்டாயமாகவில்லை. 2001 அக்டோபரில் ஷார்லட்டில் நடந்த, ஆர்கா என்ற இன்னொரு ஸ்டாக் கார் தொடரின் பந்தயத்தில் பிளேஸ் அலெக்சாண்டர் இறந்த பிறகுதான், அதே மாதம் நாஸ்கார் தலை-கழுத்துத் தாங்கியைக் கட்டாயமாக்கியது. தீர்வு கையில் இருந்தும் அத்தனை வருடங்கள் போயின என்பதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

இடப்பக்கக் காக்பிட்டில் இதெல்லாம் இல்லை என்பதால் அது சீக்கிரம் முடிந்தது. ரெவெல்-மோனோகிராம் மோன்டே கார்லோ கிட்டின் இருக்கையையே மெலிதாக்கி, ஐந்து முனைப் பெல்ட் போட்டு, முகம் திறந்த தலைக்கவசம் ஒன்றை வைத்தேன். எர்ன்ஹார்ட் கடைசிவரை அந்த வகைதான் அணிந்தார். வலப்பக்க இருக்கையை முழுக்க நானே செய்ய வேண்டியிருந்தது: தலையின் இரு பக்கமும் தாங்கி, தோளுக்குத் தாங்கி. 2007-இல் வந்த 'கார் ஆஃப் டுமாரோ' என்ற புதிய நாஸ்கார் காரில் இருக்கை சில அங்குலம் காரின் நடுப்பக்கம் நகர்ந்தது, கதவுக்குள் ஆற்றலை உறிஞ்சும் ஃபோம் வந்தது. இருக்கையை நகர்த்தியதால் ஓட்டுநரைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கூண்டின் குழாய்களையும் மறுபடி வளைக்க வேண்டும். அது இன்னும் பாதியில் கிடக்கிறது.

அதற்குள் சுவரை ஆரம்பித்துவிட்டேன். பொறுமை இல்லை. சேஃபர் தடுப்பு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் குழு உருவாக்கியது. 2002 மே மாதம் முதன்முதலில் இண்டியானாபொலிஸில் பொருத்தினார்கள். கான்கிரீட்டுக்கு முன்னால் ஃபோம் கட்டைகள், அவற்றுக்கு முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாகப் பற்றவைத்த சதுர எஃகுக் குழாய்கள். நான் செய்வது ஐந்து குழாய் வகை. எட்டு அங்குலக் குழாய் 8.5 மி.மீ., ஐந்தும் சேர்ந்து 42 மி.மீ. உயரம், இருபது அடித் துண்டு சரியாக 254 மி.மீ. நிஜத் தடுப்பில் இருக்கும் ஃபோம் எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன், அதாவது நாம் மலையும் பாறையும் செதுக்குகிற அதே எக்ஸ்பிஎஸ். அந்த ஒற்றுமையில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. பிற்பாடு வந்த கட்டைகள் கூம்பிச் செல்லும் வடிவில் இருக்கும்; நசுங்க நசுங்க எதிர்ப்பு கூடும். சூடான கம்பியில் வெட்டினால் சரிவு சுத்தமாக வருகிறது. ஒட்டுவதற்கு வெள்ளைப் பசைதான், கரைப்பான் கலந்த பசைகள் அதைத் தின்றுவிடும்.

முன்னால் எஃகு ஏன் என்று கேட்பவர்களுக்கு: 1998-இல் இதே இண்டியானாபொலிஸில் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றைச் சோதித்தார்கள். ஆரி லாயண்டைக் அதில் மோதியபோது துண்டுகள் தடம் முழுக்கச் சிதறின, காரும் தடத்துக்குள்ளேயே திரும்ப எறியப்பட்டது. எஃகுக் குழாய் மோதலைப் பல ஃபோம் கட்டைகளுக்குப் பகிர்ந்துகொடுக்கிறது, காரைச் சிக்கவிடாமல் சுவரோடு வழுக்கவும் விடுகிறது. 2008-இல் டெக்சாஸில் தகுதிச் சுற்றில் மைக்கேல் மெக்டவல் மோதிய காட்சியைப் பாருங்கள். சேஃபரில் கிட்டத்தட்ட நேராகச் சொருகி, எட்டு முறை உருண்டார். நடந்தே வெளியே வந்தார், அந்த ஞாயிறு மாற்றுக் காரில் ஓட்டினார், 2021-இல் டேடோனா 500-ஐ வென்றார். பாதிச் சுவரை ஏன் வெறுமையாக விடுகிறேன் என்பதற்கும் காரணம் உண்டு: 2015-இல் டேடோனாவில் கைல் புஷ் மோதிய உள்சுவரில் தடுப்பே இல்லை. வலது காலும் இடது பாதமும் முறிந்தன. தேவையான இடமெல்லாம் தடுப்பு போட அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது.

நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களிலும் எர்ன்ஹார்ட்டுக்குப் பிறகு பந்தயத்தில் ஓட்டுநர் யாரும் இறக்கவில்லை. திறந்த காக்பிட் கார்களுக்கு அந்த நிம்மதி இல்லை. 2011 அக்டோபரில் லாஸ் வேகஸில் டான் வெல்டனின் கார் பறந்து வேலியில் மோதியது, தலை கம்பத்தில் பட்டது. சுவரில் என்ன தடுப்பு இருந்தாலும் அங்கே உதவாது. 2015-இல் போகோனோவில் இன்னொரு காரின் மூக்குத் துண்டு பட்டு ஜஸ்டின் வில்சன் போனார். 2020-இல் ஓட்டுநரின் முன்னால் நிற்கும் திரையான ஏரோஸ்கிரீன் வந்தது இதனால்தான். அடுத்த வேலை அதுதான்: டைட்டானியச் சட்டத்தை ரெசினில் பிரின்ட் செய்து, திரையை வெற்றிட முறையில் வார்க்கலாம் என்று யோசனை. அதற்கு முன், 2010-இல் கோவை நரேன் கார்த்திகேயன் நாஸ்கார் ட்ரக் தொடரில் மார்ட்டின்ஸ்வில்லில் ஓட்டிய வண்டியையும் செய்ய ஆசை. டெகல் நானே வரைய வேண்டும்.

கடைகளைப் பற்றி: போட்டோ எட்ச் பக்கிள்களை ஓர் இணையக் கடையில் வாங்கினேன். சட்டம் வளைந்து, பாதி பிய்ந்து வந்தது. மாற்றித் தரக் கேட்டதற்குப் பதிலே இல்லை. இனி அட்டை வைத்துக் கட்டி அனுப்புபவர்களிடம்தான் வாங்குவேன். எக்ஸ்பிஎஸ்ஸுக்கு மாடல் கடை வேண்டாம். கூரைக்கு வெப்பத் தடுப்பு போடுபவர்களிடம் கேட்டால் மிச்சத் துண்டுகளைச் சும்மாவே கொடுப்பார்கள்.

கூண்டுக் குழாய்க்கு 1.8 மி.மீ. ஸ்டைரீன் கம்பி தீர்ந்துவிட்டது. 2 மி.மீ. தடிமனாகத் தெரிகிறது, 1.5 மெலிகிறது. நம்மூரில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அதுவரை சுவரில் டயர் தேய்ந்த கறுப்புத் தடங்களை ஏர்பிரஷில் போட்டுக்கொண்டிருப்பேன்.