ஒரு ஜிபிக்குள் பச்சை இலை விலை

ஜூன் 1, கோத்தகிரி
பச்சைத் தேயிலைக்கு இந்த மாத விலையைத் தேயிலை வாரியம் அறிவித்ததும், அதைக் காட்டும் என் இணையதளம் படுத்துவிட்டது. இங்குள்ள சிறு விவசாயிகளுக்காகவே நடத்துகிற தளம். அவர்கள் அதைத் தேடி வருகிற நாளே இன்றுதான். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இலை மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டே போன் செய்தார்: "தம்பி, சுத்திக்கிட்டே இருக்கே." விலையை வாயால் சொன்னேன். மனசு ஆறவில்லை.

ஜூன் 2
விடிய விடிய மழை. கரண்ட் இருந்தவரை சர்வரில் நடந்ததெல்லாம் பதிவாகும் லாக் படித்தேன். நினைவகம் தீர்ந்துபோய், இயங்குதளத்தின் மையமான கர்னல், டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லை நிறுத்திக் கொன்றிருக்கிறது. சர்வரில் மொத்த நினைவகம் (ராம்) ஒரு ஜிபி. டேபிள்களின் பகுதிகளை டேட்டாபேஸ் நினைவில் வைத்துக்கொள்ளும் பஃபர் பூலுக்கு 256 எம்பி, பக்கங்களைக் கட்டும் பிஎச்பிக்கு 40 எம்பி வீதம் பத்து பிராசஸ். மிச்சத்தை ரெடிஸ் தின்றுவிட்டது; கட்டிய பக்கங்களை மறுபடி கொடுக்க நினைவகத்தில் சேர்த்துவைக்கும் கேஷ் அது. ஊர், ஃபேக்டரி, மாதம் என யார் எப்படித் தேடினாலும் அந்தப் பக்கத்தை ஒரு நாள் முழுக்க கேஷில் வைக்கும்படி எழுதியிருந்தேன். எண்ணினால் 11,400 பக்கங்கள், சராசரி 24 கேபி. அதுவே 270 எம்பியைத் தாண்டுகிறது. பெரும்பாலானவை தேடுபொறிகளின் தானியங்கி பாட்கள் ஒருமுறை தொட்டுவிட்டுப் போனவை. இரண்டாவது முறை யாரும் திறக்கவே இல்லை. 64 பிட் ரெடிஸுக்கு நாமாக வரம்பு வைக்காவிட்டால் வரம்பே கிடையாது.

ஜூன் 3
பஃபர் பூலில் இருக்கும் டேபிள் பகுதி எந்தத் தேடலுக்கும் உதவும். கேஷில் இருக்கும் பக்கம் அந்த ஒரு முகவரிக்கு மட்டும்தான். கேஷ் என்றாலே வேகம் என்று நம்பி, பொது இடத்தைத் தனித்தனியாகப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ரெடிஸுக்கு 64 எம்பி வரம்பு; நிறைந்தால் வெகுநேரமாக யாரும் தொடாததை அகற்றும் ஆல்கீஸ் எல்ஆர்யூ முறை. இயல்பாக இருப்பது நோஎவிக்‌ஷன். இடம் நிறைந்தால் எதையும் அகற்றாமல் புதிதாக எழுத மறுத்துவிடும். இனி விலைப் பக்கமும் முகப்பும் மட்டுமே கேஷில். தேடலெல்லாம், சீக்கிரம் தேட உதவும் இண்டெக்ஸ் போட்டு நேரே டேட்டாபேஸிலிருந்து.

ஜூன் 5
புது விலை பதிந்ததும் கேஷில் இருந்த பழைய பக்கத்தை அழித்துக்கொண்டிருந்தேன். அந்த நொடியில் வருகிற அத்தனை பேரும் ஒரே பக்கத்தைக் கட்டச்சொல்லி டேட்டாபேஸ் மேல் விழுகிறார்கள். இப்போது அழிப்பதில்லை. விலை பதியும்போதே புதுப் பக்கத்தைக் கட்டி, பழையதன் மேல் எழுதிவிடுகிறேன். பழைய விலையை நம்பி யாரும் இலை கொடுத்துவிடவும் கூடாது.

ஜூலை 1
விலை வந்தது. தளம் விழாமல் நின்றது, ராமில் 150 எம்பி மிச்சம். மாலையில் அண்ணன் கூப்பிட்டார். தளத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பறிக்கிற கூலிக்கே கட்டாது போலிருக்கே தம்பி" என்றார்.