பணக்கார ஊரு, டேப் ஒட்டின ஜாக்கெட்டு

போல்டர் வந்து மூணு வருஷம் முடியப்போகுது. கொலராடோல மலையடிவாரத்துல இருக்கற ஊரு, ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. எங்க வீட்டுக்காரருக்கு இங்க யுனிவர்சிட்டில போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சவங்க பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை) கெடைச்சுது, நானும் பொண்ணும் ஜே2 விசால பின்னாடியே வந்துட்டோம். பெரிய பணக்கார ஊரு, எல்லாம் படிச்சவங்கன்னு ஆளாளுக்கு சொன்னதுல நான் நல்ல துணியா பாத்து ஒரு பெட்டி நிறைய அடுக்கி எடுத்துட்டு வந்தேன், அந்தப் பெட்டிய இன்னும் முழுசா பிரிக்கவே இல்ல.

முதல் வாரம் ஜன்னல் வழியா பாக்கறேன், பக்கத்து வீட்டம்மா, எழுபது வயசு இருக்கும், ஜாக்கெட்டு கிழிஞ்ச எடத்துல எல்லாம் சாம்பல் கலர் டேப்ப ஒட்டிக்கிட்டு நடைபாதைல பனி தள்ளிக்கிட்டிருக்காங்க. பாவம் கஷ்டப்படறாங்க போலன்னு நெனச்சேன், சத்தியமா. அப்புறம்தான் தெரிஞ்சுது அவங்க ரிட்டயர் ஆன வானிலை விஞ்ஞானி, அந்த வீடு பத்து லட்சம் டாலருக்கு மேல போகும், ஓட்டறது இருபது வருஷத்து பழைய சுபாரு. இங்க பெரியவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல மூணு பேர் டிகிரி வாங்கினவங்க, பஸ்ல பக்கத்துல அழுக்கு ஷூவோட உக்காந்திருக்கறவர் பனிப்பாறை பத்தி பிஎச்டி பண்ணினவரா இருக்கலாம். காச உடம்புல காட்ட மாட்டாங்க, நெலத்துலயும் சைக்கிள்லயும்தான் இருக்கு (சைக்கிள் விலைய ஒரு தடவை கேட்டேன், அப்புறம் கேக்கறதில்ல).

பக்கத்து வீட்டம்மாவ எப்படிக் கூப்பிடறதுங்கறதே பெரிய பிரச்சனை. பேர் சொல்லிக் கூப்பிடுங்கறாங்க, நம்ம அம்மா வயசுக்காரங்கள பேர் சொல்ல வாய் வந்தாத்தானே, மூணு வருஷமா எதுவும் சொல்லாம "ஹாய்"னே ஓட்டிட்டிருக்கேன். ஒரு தடவை சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். நம்ம ஆறுன்னா ஏழுதான, நான் தலைல எண்ணெய வெச்சுக்கிட்டு நைட்டியோட நிக்கறேன், சரியா ஆறு மணிக்கு பெல் அடிக்குது. அமெரிக்காவுக்கே நேரம் சொல்ற அணு கடிகாரம் இந்த ஊர்லதான இருக்கு, அப்புறம் வேற எப்படி இருப்பாங்க!

சமையல் சரியா வர ரொம்ப நாள் ஆச்சு. ஊரு 1,655 மீட்டர் உசரத்துல இருக்கு, தண்ணி 95 டிகிரி வாக்குலயே கொதிச்சுடும், பாத்திரத்துல போட்ட பருப்பு ஒரு மணி நேரம் கழிச்சும் கல்லு கல்லா கெடக்கும். அம்மாட்ட போன்ல சொன்னா "பழைய பருப்ப உன் தலைல கட்டிட்டான்டி"ன்னாங்க. கடைசில குக்கர்தான், அதுலயும் ரெண்டு விசில் கூட.

ரூல்ஸ் பத்தி சொல்லியே ஆகணும். பனி நின்னு 24 மணி நேரத்துக்குள்ள வீட்டு முன்னாடி நடைபாதைய சுத்தம் பண்ணிடணும். மலைப்பக்கம் இருக்கற தெருக்கள்ல குப்பைத்தொட்டி கரடி தொறக்க முடியாத மாதிரி இருக்கணும். நாய் வளக்கறவங்கள 'ஓனர்'னு மட்டும் சொல்றதில்ல, 2000-லயே சட்டப் புத்தகத்துல 'கார்டியன்'னும் சேத்துட்டாங்க. மொதல்ல சிரிச்சேன், ஆனா ஊரு இவ்ளோ அழகா இருக்கறதே ரூல்ஸாலதான். 1959-லயே மலைல ஒரு கோடு கிழிச்சு அதுக்கு மேல சிட்டி தண்ணி கொடுக்காதுன்னு ஓட்டு போட்டாங்க, தண்ணி இல்லாம யாரு வீடு கட்டுவான். 1967-ல நம்ம மேலயே வரி போட்டுக்கலாம்னு ஓட்டு போட்டு காலி நெலமா வாங்கி அப்படியே காலியா விட ஆரம்பிச்சாங்க, இப்ப 45,000 ஏக்கருக்கு மேல இருக்கு. 1971-ல கட்டடம் 55 அடிக்கு மேல போகக்கூடாதுன்னும் முடிவு பண்ணிட்டாங்க. அதான் எந்தத் தெருல நின்னாலும் அந்த சாஞ்ச பாறைங்க, ஃபிளாட்டையர்ன்ஸ், முழுசா தெரியுது. காலைல வெயில் பட்டா செவப்பா ஒரு கலர் வரும் பாருங்க, பாத்திரம் கழுவறத விட்டுட்டு நின்னுடுவேன்.

ஆனா பக்கவாட்டுலயும் போகக்கூடாது மேலயும் போகக்கூடாதுன்னா வீடு எங்க வரும்? வீடு கம்மி, ஆசப்படறவங்க ஜாஸ்தி, வெல ஏறிக்கிட்டே போகுது. எங்க பொண்ணோட ப்ரீஸ்கூல் டீச்சர் இந்த ஊர்ல இல்ல. மளிகைக்கடைல பில் போடற பையன் இல்ல, ஆபீஸ் கூட்டற அம்மாவும் இல்ல, எல்லாரும் காலைல வெளியூர்லேர்ந்து வந்து சாயங்காலம் திரும்பிப் போறவங்க. தெருவுக்குத் தெரு 'எல்லாரையும் வரவேற்கிறோம்'னு போர்டு நட்டிருக்காங்க, மனசார நட்டதுதான், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. அதே தெருல நாலு மாடி அபார்ட்மெண்ட் வருதுன்னா சிட்டி மீட்டிங்ல மூணு மூணு நிமிஷமா வரிசைல நின்னு வேண்டாம்னு பேசறாங்க, அதுவும் என்ன அழகா பேசறாங்க தெரியுமா, டிராஃபிக், நிழல், பறவைன்னு ஒவ்வொண்ணுக்கும் ஆதாரத்தோட. நானும் ஒரு நாள் போய் உக்காந்தேன், கேட்டுட்டு பாதிப்பேர் சொல்றது நியாயமாத்தான் இருக்கேன்னு வேற தோணிச்சு. பேசினவங்க நிறைய பேர் சொந்த வீட்டுக்காரங்க. எனக்கு அவங்க மேல கோவமா வரலன்னு சொல்ல முடியாது, அதே சமயம் அவங்க அன்னிக்கு காப்பாத்தி வெச்ச மலையத்தான நானும் தெனம் பாத்துட்டிருக்கேன்.

இந்த மாசம் எங்க வாடகையும் ஏறிடுச்சு, போஸ்ட்டாக் சம்பளத்துல முடியாது. 24 கிலோமீட்டர் தள்ளி லாங்மான்ட்ல வீடு பாத்தாச்சு. பக்கத்து வீட்டம்மாகிட்ட சொன்னேன், நெஜமாவே வருத்தப்பட்டாங்க, "அங்கேர்ந்து லாங்ஸ் பீக் மலை இன்னும் நல்லா தெரியும்"னாங்க. பொண்ணோட டீச்சர்கிட்ட சொன்னப்போ அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, எந்த பஸ் ஸ்டாப்னு. சொன்னேன். "அப்ப காலைல போல்ட் பஸ்ல பாக்கலாம், இடது பக்கம் உக்காராதீங்க, வெயில் மூஞ்சில அடிக்கும்"னாங்க.